ரத்தம் தேடி அலையும் முன்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததுமே வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணணும்?" என்பதுதான். அன்றைக்கே வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி போகும். மச்சினர், சித்தப்பா மகன், அவனோடு படித்த பையன்கள் என்று நாலு பேரைப் பிடித்து ரத்த வங்கி வாசலில் நிறுத்துவார்கள். அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வீட்டின் ரிப்போர்ட் பையில், ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பரிசோதனைத் தாளில், ஹீமோகுளோபின் 8.4 என்று அச்சாகிக் கிடக்கும். பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட இருக்கும். அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக நான் நோயாளியைப் பெரும்பாலும் அறுவைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் பார்க்கிறேன். அப்போது அந்த 8.4-ஐ வைத்துக்கொண்டு என்னால் செய்ய முடிவது இரண்டே காரியம்: அறுவையைத் தள்ளிப்போடச் சொல்வது, இல்லையென்றால் ரத்தம் ஏற்றச் சொல்வது. இரண்டுமே அந்தக் குடும்பத்துக்குக் கஷ்டம். அதே தாளை ஐந்து வாரத்துக்கு முன் பார்த்திருந்தால் மூன்றாவது வழி ஒன்று இருந்திருக்கும். அறுவைக்கு வேண்டிய ரத்தத்தை நோயாளியின் எலும்பு மஜ்ஜையே செய்து கொடுத்திருக்கும்.

நம் வீடுகளில் அறுவை சிகிச்சை உடனே நடப்பது அபூர்வம். ஆடி முடியட்டும், பேத்திக்குப் பரீட்சை முடியட்டும், அறுப்பு முடியட்டும், காப்பீட்டுக்கு அனுமதி வரட்டும் என்று ஒரு மாதம், ஒன்றரை மாதம் எப்படியும் ஓடிவிடும். அந்த நாட்களை என்ன செய்வது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

ஏற்றுகிற ரத்தம்

தேவைப்படும்போது ஏற்றும் ரத்தம் உயிர் காக்கும். பிரசவத்தில் ரத்தம் கொட்டும் தாய்க்கும், விபத்தில் நசுங்கிய காலோடு வருகிறவருக்கும் அதற்கு மாற்று கிடையாது. மருத்துவர் இப்போது ஏற்றியே ஆக வேண்டும் என்று சொல்லும் நேரத்தில் இந்தப் புத்தகத்தைக் காட்டி வாதாடாதீர்கள்.

ஆனால் ரத்தமும் ஓர் உறுப்புதான். இன்னொருவர் உடம்பிலிருந்து எடுத்து நம் உடம்பில் வைக்கிறோம். காய்ச்சலும் தடிப்பும் வரலாம். இதயம் பலவீனமான முதியவருக்கு ஒரு பை ரத்தமே பாரமாகி மூச்சு முட்டலாம். பெயர் மாறி, பை மாறி ஏற்றிவிட்டால் சிறுநீரகம் கெடும், உயிரும் போகலாம். ஒருமுறை ஏற்றிய ரத்தத்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால் அடுத்த முறை பொருத்தமான ரத்தம் தேடுவதே பெரும்பாடு. தொற்று அபாயம் இன்று மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றிய செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது பலருக்கு நினைவிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் தவிர்க்கும் ஒவ்வொரு பையும் வேறொருவருக்குப் போய்ச் சேரும். தலசீமியா நோயுள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க, ரத்தம் ஏற்ற வேண்டும். அவர்களுக்கு மாத்திரையோ ஊசியோ மாற்றாகாது. சிவப்பணுக்களை நல்ல பாதுகாப்புத் திரவத்தில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள்தான் குளிரூட்டியில் வைக்க முடியும். அதனால் ரத்த வங்கியில் ஏராளமாகச் சேர்த்து வைப்பது என்பதே கிடையாது.

ஒரு பை சிவப்பணு ஹீமோகுளோபினைச் சுமார் 1 கிராம்தான் உயர்த்தும். நம் வீட்டுப் பெரியவர்கள் "ஒரு பாட்டில் ஏத்திவிட்டா தெம்பு வந்துடும் டாக்டர்" என்று கேட்கும்போது இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். ஏற்றும் அந்த 1 கிராமை, இரும்புச்சத்து கிடைத்தால் உடம்பு தானே இரண்டு, மூன்று வாரத்தில் செய்துகொள்ளும்.

நாள் குறித்த அன்றே பார்க்க வேண்டிய தாள்

ரத்த தானம் செய்ய வருகிறவருக்கு ஹீமோகுளோபின் 12.5 இல்லையென்றால் "சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். எடுக்கப்போவது 350 மில்லி. திடகாத்திரமான ஆளிடம் அவ்வளவு எடுப்பதற்கே அந்தக் கவனம். அதைவிட அதிகமாக ரத்தம் இழக்கப்போகும் நோயாளியை மட்டும் 9-இலும் 8-இலும் அறுவை மேசைக்கு ஏற்றுகிறோம். இந்த முரண் என்னை வெகுகாலம் உறுத்தியிருக்கிறது.

ரத்தசோகை நம் ஊரில் அரிதான நோய் அல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனவே கணிசமான ரத்த இழப்பு எதிர்பார்க்கப்படும் அறுவை எதுவானாலும், உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பரிசோதித்தே அறிய வேண்டும். மூட்டு மாற்று, கர்ப்பப்பை நீக்கம், இதய பைபாஸ், முதுகுத்தண்டு, குடல் ஆகியவை அந்த வகை. பெண்களுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை என்பது பொதுக் கணக்கு. பெரிய அறுவைக்கு முன் ஆண், பெண் இருவருக்குமே 13 இருப்பது நல்லது என்பது இன்று பல நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட இலக்கு. பெண்ணின் உடலில் மொத்த ரத்தமே குறைவு. அரங்கில் கசியும் ரத்தமோ இருவருக்கும் ஒரே அளவுதான்.

மருத்துவரிடம் கேளுங்கள்: "டாக்டர், எச்பி எவ்வளவு இருக்கு? ஃபெரிட்டின் பார்த்தாச்சா?" ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கிடங்கு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் சோதனை. 30-க்குக் கீழே இருந்தால் கிடங்கு காலி. ஹீமோகுளோபின் இன்னும் விழாமலே கிடங்கு மட்டும் காலியாக இருப்பதும் உண்டு. அப்படிப்பட்டவர் அறுவையில் ரத்தம் இழந்தபின் எழுந்திருக்கவே வெகுநாள் ஆகும். வாதநோய், தொற்று போன்ற அழற்சி இருப்பவர்களுக்கு ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அவர்களுக்கு டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் பி12 அளவையும் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். சிறுநீரகம் கெட்டவருக்கு வரும் ரத்தசோகை வேறு வகை. அதற்கு எரித்ரோபொய்ட்டின் ஊசி தேவைப்படலாம். அதில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால் சிறுநீரக மருத்துவர் சொல்லாமல் கூடாது. சிவப்பணுக்கள் பிறவியிலேயே சிறுத்திருக்கும் தலசீமியா கூறு உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இரும்புக் குறைவும் கூடவே இருந்தாலன்றி இரும்பு கொடுத்துப் பயனில்லை.

குறைவு என்று தெரிந்ததும் அடுத்து எழ வேண்டிய கேள்வி, ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பது. மூட்டு வலிக்காக ஐந்து வருஷம் வலி மாத்திரை விழுங்கிய அம்மாவுக்கு வயிற்றுப் புண்ணிலிருந்து துளித்துளியாகக் கசிந்துகொண்டிருக்கலாம். மூலம் இருக்கலாம். வெறுங்காலோடு வயலில் நிற்பவருக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்குக் காரணம் தெரியாமல் இரும்பு குறைந்தால் குடலுக்குள் பார்த்தே தீர வேண்டும். மூட்டு அறுவைக்காகப் பார்த்த சோதனையில் குடல் புற்றுநோய் ஆரம்ப நிலையில் பிடிபட்டு, அதனால் பிழைத்தவர்கள் உண்டு.

ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 45 வயது, எடை 50 கிலோ. கர்ப்பப்பையில் நார்க்கட்டி, மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 8. அதை 13-க்குக் கொண்டுவர எவ்வளவு இரும்பு வேண்டும்? மருத்துவர்கள் பழக்கத்தில் வைத்திருக்கும் சூத்திரம் எளிது. எடையை, ஏற வேண்டிய அளவால் பெருக்கி, 2.4-ஆல் பெருக்கி, கிடங்குக்காக 500 கூட்ட வேண்டும். 50 பெருக்கல் 5 பெருக்கல் 2.4 என்பது 600. அதோடு 500. மொத்தம் 1,100 மில்லிகிராம்.

இப்போது உணவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம். பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் என்று வீட்டில் வாங்கிக் குவிப்பதில் தப்பில்லை, ஆனால் பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் எந்த உறவும் கிடையாது. முருங்கைக்கீரை நல்லது. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் உண்மையிலேயே இரும்பு நிறைந்தவை, அந்த வகை இரும்பு உடம்பில் எளிதாகச் சேரவும் செய்யும். பாட்டி சொன்னது அந்த விஷயத்தில் சரி. என்றாலும் ஐந்து வாரத்தில் 1,100 மில்லிகிராம் கடனைச் சாப்பாட்டால் மட்டும் அடைக்க முடியாது. அதற்கு மருந்து வேண்டும்.

மாத்திரை சாப்பிடுவதற்கும் முறை உண்டு. வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து எடுப்பது நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, வாயு மாத்திரை எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. காலை டீயோடு இரும்பு மாத்திரை விழுங்குவது நம் வீடுகளில் சகஜம். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாத்திரையில் பெரும்பகுதி வீணாகிறது. அடுத்தது, ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை போட்டால் மூன்று மடங்கு ஏறும் என்பது தவறு. ஒரு வேளை மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து, குடலின் கதவை ஏறக்குறைய ஒரு நாளைக்குச் சாத்திவிடுகிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே வேளை எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையும் கூடுதலாகச் சேர்கிறது, வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் குறைகின்றன என்று சூரிச்சில் நடந்த ஆய்வுகள் காட்டின. நாள் குறைவாக இருந்தால் மருத்துவர் தினமும் எடுக்கச் சொல்லலாம். அவர் சொல்வதைக் கேளுங்கள். மலம் கறுத்துப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

ஒழுங்காக எடுத்தால், கசிவும் நின்றிருந்தால், நாலு வாரத்தில் 1 முதல் 2 கிராம் ஏறும். நம் உதாரணப் பெண்ணுக்கு அது போதாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், நாள் குறைந்தவர்களுக்கும், மிகவும் இறங்கியிருப்பவர்களுக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதே வழி. இரும்பு சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், ஒருநாள் விட்டு ஒருநாள், அந்தப் பெண்ணுக்கு ஐந்தாறு முறை. கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் போடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தில் 1,000 மில்லிகிராம் வரை ஒரே அமர்வில் ஏற்றிவிடலாம், விலை கூடுதல். இரண்டையும் மருத்துவமனையில் வைத்து, போட்டபின் அரை மணி நேரம் கண்காணித்துத்தான் அனுப்ப வேண்டும். கிளினிக்கில் அவசரமாக ஏற்றிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருக்கும்போது போடக் கூடாது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய வயிற்று அறுவைக்கு முன் இரும்பு ஊசி போட்டால் ரத்தம் ஏற்றுவது குறையுமா என்று பிரிட்டனில் 487 பேரிடம் நடந்த பிரெவென்ட் ஆய்வு 2020-இல் வெளியானது. குறையவில்லை. ஊசி பெரும்பாலும் அறுவைக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று முன்புதான் போடப்பட்டது. ரத்தசோகையின் காரணம் எல்லோருக்கும் இரும்புக் குறைவும் அல்ல. இரும்பு குறைந்தவருக்கு, நேரம் இருக்கும்போது கொடுக்க வேண்டும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். கடைசி வாரத்தில் எல்லோருக்கும் ஒரு பாட்டில் இரும்பு என்பது வைத்தியம் ஆகாது.

அந்தப் பெண்ணுக்கு இரும்பைவிட முதலில் வேண்டியது வேறொன்று. ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் ஊற்றிப் பயனில்லை. உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ, மாதவிடாயைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசியோ மகப்பேறு மருத்துவர் கொடுப்பார். இரண்டு மாதம் உதிரம் நின்றாலே பாதி அலைச்சல் தீரும். "எப்படியும் கர்ப்பப்பையை எடுக்கத்தானே போகிறோம், இதற்கெதற்கு மருந்து?" என்று கேட்பவர்கள் உண்டு. எடுக்கும் நாளில் அவர் 12-இல் இருப்பதற்கும் 8-இல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மருந்து.

சாப்பிடும் மருந்துகளை எல்லாம் சொல்லுங்கள்

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின், புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள் எல்லாமே ரத்தக்கசிவைக் கூட்டும். குளோபிடோகிரெலையும் வார்ஃபரினையும் வழக்கமாக அறுவைக்கு ஐந்து நாள் முன் நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொண்டு மாரடைப்பு வரலாம். அறுவை மருத்துவர், இதய மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் மூவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. அந்தப் பேச்சை நடக்க வைப்பது பல நேரம் நோயாளியின் மகளோ மகனோதான். நாட்டு மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எதையும் ஒளிக்காதீர்கள். திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமல் விட்ட லேகியத்தால் அரங்கில் ரத்தம் நிற்காமல் தவித்திருக்கிறோம்.

பல் பிடுங்கியபோது ராத்திரி முழுக்க ரத்தம் வந்ததா, பிரசவத்தில் அதிகமாகப் போனதா, வீட்டில் வேறு யாருக்காவது அப்படி உண்டா என்பதையும் சொல்லுங்கள். எந்த ரத்தப் பரிசோதனையையும்விட இந்த மூன்று கேள்விகளுக்கான பதில் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

அரங்கின் உள்ளே

உள்ளே நடப்பது உங்கள் கையில் இல்லை, ஆனால் கேட்டு வைக்கலாம். முதலில் கேட்க வேண்டியது டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றி. உடலில் உருவான ரத்த உறைவு சீக்கிரம் கரைந்துவிடாமல் இது காக்கும். ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோ, அவர் கணவர் ஷோசுகே ஒகாமோட்டோ இருவரும் கண்டறிந்து 1962-இல் அறிவித்தார்கள். பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது உடாகோவின் ஆசை. 40 நாடுகளில் விபத்துக் காயம் பட்ட 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கிராஷ்-2 ஆய்வு, சீக்கிரம் கொடுத்தால் இந்த மருந்து உயிர் காக்கிறது என்று 2010-இல் நிறுவியது. காயம் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பிரசவ ரத்தப்போக்கில் நடந்த ஆய்வு முடிவு 2017-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடமே, 98-ஆவது வயதில், உடாகோ காலமாகியிருந்தார். இதயம் அல்லாத பிற அறுவைகளில் 9,535 பேரிடம் நடந்த பாய்ஸ்-3 ஆய்வில் பெரிய ரத்தக்கசிவு 11.7 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதமாகக் குறைந்தது. விலை மலிவான மருந்து இது. வலிப்பு நோயோ ரத்தக்கட்டி வந்த வரலாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, சூடு. ஏசி அரங்கில் மெல்லிய துணியோடு படுத்திருக்கும் நோயாளியின் உடல் 36 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் உறையும் திறனே மந்தமாகிவிடும். ஒரு டிகிரிக்கும் குறைவான குளிர்ச்சி ரத்த இழப்பைச் சுமார் 16 சதவீதம் கூட்டுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. வெப்பக் காற்றுப் போர்வையும் சூடேற்றிய சலைனும் ஆடம்பரம் அல்ல. காத்திருக்கும் அறையிலேயே குளிர்ந்தால் வெட்கப்படாமல் போர்வை கேளுங்கள்.

முதுகுத்தண்டு அறுவையில் நோயாளியைக் கவிழ்த்துப் படுக்க வைக்கும்போது வயிறு எதன்மேலும் அழுந்தாமல் தொங்க வேண்டும். வயிறு அழுந்தினால் தண்டுவடத்தைச் சுற்றிய சிரைகள் வீங்கி, தொட்ட இடமெல்லாம் கசியும். இரண்டு தலையணையைச் சரியான இடத்தில் வைப்பது ஒரு பை ரத்தத்தை மிச்சப்படுத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செல் சேவர் என்ற இயந்திரம், சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் அதே நோயாளிக்குத் திருப்பித் தரும். இதய அறுவை செய்யும் பெரிய மருத்துவமனைகளில் இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் பயன்படுத்த மாட்டார்கள்.

இதெல்லாம் முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. யெகோவாவின் சாட்சிகள் மத நம்பிக்கையால் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த டென்டன் கூலி, அந்தச் சமயத்தார் 542 பேருக்கு ரத்தம் ஏற்றாமலே இதய, ரத்தக்குழாய் அறுவைகள் செய்த அனுபவத்தை 1977-இல் வெளியிட்டார். ரத்தம் இல்லை என்று முடிவாகிவிட்டால் கத்தி எவ்வளவு நிதானமாகப் போகும் என்பதை மற்ற நோயாளிகளுக்கான மருத்துவர்களும் அவர்களிடமிருந்தே கற்றோம்.

சொந்த ரத்தம் என்ற நம்பிக்கை

"வேற யார் ரத்தமும் வேணாம் டாக்டர், என் தம்பி ரத்தத்தையே ஏத்துங்க." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கேட்கிறவரின் பாசம் புரிகிறது. ஆனால் உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகள் கொடுக்கும் ரத்தம் நேராக அந்த நோயாளிக்கே ஏறுவதில் ஒரு தனி ஆபத்து உண்டு. நெருங்கிய உறவு என்பதால் அந்த ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியமாக உணராமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே தங்கிப் பெருகி, தோலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அநேகமாக இல்லை. கதிர்வீச்சுக்கு உட்படுத்தியபின் ஏற்றினால் அந்த ஆபத்து நீங்கும். அந்த வசதி எல்லா ரத்த வங்கியிலும் கிடையாது. இனியும் குழந்தை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவரின் ரத்தம் கூடாது. அவருடைய அணுக்களுக்கு எதிராக மனைவியின் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் பின்னால் கருவைப் பாதிக்கலாம்.

தம்பி தாராளமாக ரத்தம் கொடுக்கட்டும். அது வங்கிக்குப் போய் முகம் தெரியாத ஒருவருக்குப் பயன்படட்டும். அக்காவுக்கு வேண்டியது முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வரட்டும். பணத்துக்கு ரத்தம் விற்பவர்களை மட்டும் எந்த அவசரத்திலும் அணுகாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையடுத்து 1998 ஜனவரி முதல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது.

அறுவைக்கு மூன்று வாரம் முன் சொந்த ரத்தத்தையே எடுத்துச் சேமித்து வைக்கலாமா என்றும் கேட்பார்கள். ஒரு காலத்தில் செய்தோம். எடுத்த ரத்தத்தை உடம்பு ஈடுகட்டுவதற்குள் அறுவை நாள் வந்துவிட, நோயாளி ரத்தசோகையோடே மேசைக்கு வந்தார். மிக அரிய ரத்த வகை உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்று பரிந்துரைப்பதில்லை.

வார்டில்

ஹீமோகுளோபின் 10-க்குக் குறைந்தால் ஏற்றிவிட வேண்டும் என்பது 1942-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இருவர் எழுதியதிலிருந்து வழக்கமாகிப் போன எண். அரை நூற்றாண்டு யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. கனடாவில் தீவிர சிகிச்சையிலிருந்த 838 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 10-க்குக் கீழே போனால் ஏற்றினார்கள், மறுபாதிக்கு 7-க்குக் கீழே போனால் மட்டும். 1999-இல் முடிவு வந்தது. 30 நாளில் இறந்தவர்கள் முதல் பாதியில் 23.3 சதவீதம், இரண்டாவதில் 18.7. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. ஆனாலும் குறைவாக ஏற்றியதால் கேடு இல்லை என்பது உறுதியானது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களுக்கு 8 என்ற எல்லையும், இதய அறுவைக்கு 7.5-ம் பின்னர் இதேபோல் சோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டன. மாரடைப்பு வந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. அவர்களுக்குச் சற்று உயர்ந்த அளவு தேவைப்படலாம்.

எனவே அறுவை முடிந்து மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் 8.6 என்று வந்ததும் நீங்களே போய் ரத்தம் ஏற்றச் சொல்லாதீர்கள். நோயாளி மூச்சு வாங்காமல் இருக்கிறாரா, நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு உண்டா, கட்டு நனைகிறதா என்று பாருங்கள். ஏற்றத்தான் வேண்டும் என்றால், ரத்தக்கசிவு நின்றிருக்கும் நோயாளிக்கு, ஒரு பை ஏற்றி மறுபடி பார்த்தபின் இரண்டாவதை முடிவு செய்யலாமா என்று பணிவாகக் கேளுங்கள். இரண்டு இரண்டாக ஏற்றும் பழக்கம் காரணமில்லாமல் ஒட்டிக்கொண்ட ஒன்று. பை வந்ததும் அதில் எழுதிய பெயரும் எண்ணும் நோயாளியின் கைப்பட்டையோடு ஒத்துப்போகிறதா என்று செவிலியர் படிக்கும்போது நீங்களும் கூடவே பாருங்கள். முதல் கால் மணி நேரம் பக்கத்தை விட்டு நகர வேண்டாம்.

தினமும் காலையில் ஊசிக்குழலில் எடுக்கும் ரத்தமும் இழப்புதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பரிசோதனைக்கு என்றே நாளொன்றுக்கு 40 முதல் 70 மில்லி வரை போய்விடும். ஒரு வாரத்தில் அது ஒரு தானப் பைக்குச் சமம். "இன்னைக்கு எந்த டெஸ்டுக்கு எடுக்கறீங்க சிஸ்டர்?" என்று கேட்பதில் தவறில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நான்கு பெரிய மருத்துவமனைகள் 2008-இலிருந்து இப்படி முன்னும் பின்னும் சேர்த்துக் கவனிக்க ஆரம்பித்தன. ஆறு ஆண்டுகளில் அங்கே அனுமதிக்கப்பட்ட 6,05,046 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, ஒரு நோயாளிக்கு ஏற்றிய ரத்தப் பைகள் 41 சதவீதம் குறைந்திருந்தன. மருத்துவமனையில் நேர்ந்த இறப்புகளும் குறைந்திருந்தன.

காத்திருக்க முடியாதவை

புற்றுக்கட்டி, அடைபட்ட குடல், முறிந்த இடுப்பு ஆகியவற்றை ஹீமோகுளோபினுக்காக ஐந்து வாரம் தள்ளக் கூடாது. கிடைக்கும் நாட்களில் இரும்பு ஊசி போட்டு, ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு செய்துவிடுவார்கள். அதைப்போல, ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால் ஏற்பாடு செய்யுங்கள். தயாராக வைத்திருந்து தேவைப்படாமல் போனால் அந்தப் பை வங்கியிலேயே இருந்து வேறு நோயாளிக்குப் போகும்.

வீடு திரும்பும்போது

ஒரு லிட்டர் ரத்தம் இழந்தவர் கிட்டத்தட்ட 500 மில்லிகிராம் இரும்பை இழந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் கிருமிக்கொல்லியும் வலி மாத்திரையும் இருக்கும், இரும்பு மாத்திரை விடுபட்டிருக்கும். கேட்டு எழுதி வாங்குங்கள். காயம் ஆறும் முதல் வாரங்களில் அழற்சி இருப்பதால் மாத்திரை சரியாகச் சேராது. அளவு மிகவும் இறங்கியிருந்தால் கிளம்பும் முன்பே நரம்பு வழியாக ஒருமுறை ஏற்றிவிட முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையை ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும், கிடங்கும் நிறைய வேண்டுமல்லவா. நாலாவது வாரம் ஒரு பரிசோதனை எடுத்து, அந்தத் தாளை ரிப்போர்ட் பையின் அடியில் செருகாமல் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.